ரிப்போர்ட் கார்டு இல்லாத பையன்: ஜான் ஸ்டூவர்ட் மில் வீட்டில் படித்த கதை

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.

ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டிலேயே பிள்ளையைப் படிக்க வைக்கிற அம்மா அப்பாக்கள்கிட்ட எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி உங்களுக்கே தெரியும்: "ஃப்ரெண்ட்ஸ் எப்படிக் கிடைப்பாங்க?" ரெண்டாவது கேள்விதான் இன்னிக்கு நம்ம விஷயம். "அவன் ஒழுங்காப் படிக்கிறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்கூலில் இதற்குப் பதில் ரெடியாக இருக்கிறது. மார்க், ரேங்க், பேரன்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சர் சொல்கிற இரண்டு வரி. அது பிள்ளையைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் கையில் ஒரு தாள் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அந்தத் தாளை யாரும் தருவதில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இங்கே ஹோம்ஸ்கூலிங் நடக்கிறது. கடைசியில் பலர் போய்ச் சேரும் இடம் என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது ஆகிவிட்டால் அதில் ஐந்து பாடங்கள் எடுத்து, பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வை எழுதலாம்.

அதுவரைக்கும்? பாடம் சொல்லிக்கொடுப்பதும் அம்மா அப்பா, பேப்பர் திருத்துவதும் அம்மா அப்பா. அதனால் நிறைய பேர் ஒரு ஃபைல் போடுகிறார்கள். என்ன புத்தகம் படித்தான், கணக்கில் எந்த இடம் வந்திருக்கிறான், நீச்சல் எத்தனை நாள், கீபோர்டு எத்தனை கிரேடு. போர்ட்ஃபோலியோ என்று அதற்குப் பெயர்.

அப்படி ஒரு ஃபைலை உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் படிக்க முடிந்தால் எப்படி இருக்கும்? பையன் 13 வயதில் தன் கையால் எழுதிய ப்ராக்ரஸ் ரிப்போர்ட் ஒன்று. அந்த வீட்டில் தங்கிப் போன விருந்தாளி எழுதிய கடிதம் ஒன்று. அதே பையன் பெரியவனாகி, அந்த வருடங்களில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதிய புத்தகம் ஒன்று. மூன்றும் ஒரே பிள்ளையைப் பற்றிக் கிடைப்பது அபூர்வம். ஜான் ஸ்டூவர்ட் மில் விஷயத்தில் கிடைக்கிறது. ஹோம்ஸ்கூலிங் நல்லதா கெட்டதா என்கிற பட்டிமன்றம் இன்னிக்கு வேண்டாம். ரிப்போர்ட்டில் எது ஏறியது, எது ஏறவே இல்லை, அதை மட்டும் பார்ப்போம்.

ஒரே மேசை

பொலிட்டிக்கல் சயின்ஸ் படித்தவர்களுக்கு மில் என்றால் 'ஆன் லிபர்ட்டி' எழுதியவர். 1806 மே 20-ம் தேதி லண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்தில் செருப்புத் தைக்கும் ஒருவரின் மகன். லண்டனுக்கு வந்து பத்திரிகைகளுக்கு எழுதிக் குடும்பம் நடத்தினார். நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதியவர் அவர்தான். ஒரு தடவைகூட இந்தியா வராமல், இந்திய மொழி ஒன்றுகூடத் தெரியாமல் எழுதினார். இந்திய வரலாற்றை இந்துக் காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்று மூன்றாக வெட்டும் பழக்கம் அந்தப் புத்தகத்தோடு பரவியதுதான். அந்தச் சண்டைக்குத் தனி எபிசோடு வேணும், இப்போ வேண்டாம்.

அவர் அந்த வரலாற்றை எழுதிய மேசையின் இன்னொரு பக்கம்தான் வகுப்பறை. பையனுக்கு மூன்று வயதில் கிரேக்கம் ஆரம்பம். அட்டைகளில் கிரேக்கச் சொல்லும் அதன் ஆங்கில அர்த்தமும் எழுதிக் கொடுத்தார் அப்பா. இன்றைய ஃப்ளாஷ் கார்டுதான். முதல் புத்தகம் ஈசாப் கதைகள். அந்தக் காலத்தில் கிரேக்கத்துக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லும் அகராதி கிடையாது. லத்தீன் வழியாகத்தான் பார்க்க வேண்டும், பையனுக்கு லத்தீன் இன்னும் தெரியாது. ஆகவே தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவைக் கேட்கணும். பொறுமைக்குப் பேர் போனவர் இல்லை அந்த அப்பா. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பேனாவை நிறுத்திப் பதில் சொன்னார், அப்படியே பல பாகங்கள் எழுதியும் முடித்தார். வொர்க் ஃப்ரம் ஹோமில் இருந்துகொண்டு பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ் பார்த்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

ஏன் இவ்வளவு பாடு? மனித மனம் பிறப்பால் அமைவதில்லை, வளர்ப்பால் அமைகிறது என்று ஜேம்ஸ் மில் உறுதியாக நம்பினார். நண்பர் ஜெரமி பெந்தமும் அந்தக் கூட்டணி. மூத்த மகன் அந்த நம்பிக்கைக்கு ஒரு நிரூபணம் ஆக வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு கொள்கையை நிரூபிக்கப் பிறந்த பிள்ளை நன்றாகப் படித்தால் பாராட்டு கொள்கைக்குப் போகும். படிக்காவிட்டால் திட்டு மட்டும் பிள்ளைக்கு வரும்.

1819-ல் எழுதிய ரிப்போர்ட்

1819 ஜூலை 30. ஜானுக்கு 13 வயது. பெந்தமின் தம்பி சாமுவேல் பெந்தம், படிப்பு எப்படிப் போகிறது என்று விசாரித்திருந்தார். அதற்கு அவன் எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. 1814 முதல் வருடம் வருடமாக என்ன படித்தேன் என்று ஒரு பட்டியல். 1814 என்றால் அவனுக்கு எட்டு வயது. அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் துசிடிடீஸின் வரலாறு, சோஃபக்ளீஸ், யூரிபிடீஸ், அரிஸ்டாஃபனீஸ் நாடகங்கள், லத்தீனில் சிசரோவின் உரைகள், கணக்கில் யூக்ளிட், அல்ஜீப்ரா. இப்படியே அடுத்தடுத்த வருடங்கள். கடைசியில் தங்கைகள் வில்லி, கிளாரா இருவரும் லத்தீனில் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்கிற செய்தியும் உண்டு. ஏன் அது அவன் ரிப்போர்ட்டில் வருகிறது என்பதற்கு அப்புறம் வர்றேன்.

படிச்சா மலைப்பா இருக்கும். ஒரு விதத்தில் நம்ம ஊர் போர்ட்ஃபோலியோவும் இதே சாயல்தான்: எதை முடித்தான், எப்போது முடித்தான். அந்தப் பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதே வருடங்களைப் பற்றி மில் பிற்பாடு எழுதிய சுயசரிதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இருந்தது தெரிகிறது. அவர் 1873-ல் இறந்தார், அந்தப் புத்தகமும் அதே வருடம் வெளிவந்தது.

முதலில் பிளேட்டோ. ஏழு வயதில் பிளேட்டோவின் உரையாடல்கள் ஆறு படித்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் ஏறினால் பெருமையான வரி. பெரியவர் மில் என்ன சொல்கிறார்? அதில் கடைசி ஒன்றை விட்டிருக்கலாம், எனக்கு அது புரிந்திருக்க வாய்ப்பே இல்லை, அப்பா என்னால் முடிந்ததை மட்டும் கேட்கவில்லை, முடியவே முடியாததையும் கேட்டார் என்கிறார். படித்து முடித்த புத்தகமும் புரிந்த புத்தகமும் ஒரே பட்டியலில் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். இதைப் பிள்ளை எட்டு வயதில் சொல்ல மாட்டான். எப்படிச் சொல்வான், திருத்துகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே.

கணக்கு இன்னும் மோசம். சின்ன வயதில் மாலை நேரம் அரித்மெடிக், அது அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஜியோமெட்ரியும் அல்ஜீப்ராவும் உருப்படியாக வந்தன. அதற்கு மேலே, டிஃபரென்ஷியல் கால்குலஸ் மாதிரியானவை, அரைகுறை. காரணத்தையும் அவரே சொல்கிறார். அப்பாவுக்கு அந்தக் கணக்கு மறந்துபோயிருந்தது. பையன் தனியாகப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினான். கஷ்டமான கணக்கு வராதபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய படி ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்பது அப்பா கண்ணில் படவே இல்லை. வீட்டுப் படிப்பில் அடிக்கடி வரும் இடர் இதுதான்: சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரியாத இடத்தில் பிள்ளை சறுக்கினால் அது பிள்ளையின் மந்தமாகத் தெரியும். ஸ்கூலிலும் இது உண்டு. ஆனால் அங்கே அடுத்த வருடம் வேறு டீச்சர் வருவார்.

சயின்ஸ் பற்றி ஒரு சுவாரசியம். அவன் ஆசையாக விழுந்து விழுந்து படித்தது சயின்ஸ் புத்தகங்களைத்தான். கெமிஸ்ட்ரி புத்தகம் எது கிடைத்தாலும் விடவில்லை. ஆனால் பல வருடங்களுக்கு ஒரு பரிசோதனையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பிராக்டிக்கல் ரெக்கார்டை அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதினவங்க சிரிக்கலாம், தப்பில்லை.

கவிதை எழுதுவதும் பாடம்தான். அதற்கு அப்பா சொன்ன காரணங்கள் இரண்டு. சில விஷயங்களை உரைநடையைவிடக் கவிதையில் நன்றாகச் சொல்லலாம், அது ஒன்று. மக்கள் கவிதைக்குத் தகுதிக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறார்கள், ஆகவே அந்தத் திறமை கையில் இருப்பது நல்லது, அது இன்னொன்று. கவிதை மேல் ஆசை வருவது பற்றிப் பேச்சே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடந்துகொண்டே நடந்த பாடம்

இதுவரை கேட்டுட்டு, சரி, கொடுமைக்கார அப்பா கதைன்னு முடிவு பண்ணிடாதீங்க. மில் அப்படி எழுதவில்லை. அந்தப் படிப்பு தன் வயதுக்காரர்களைவிடக் கால் நூற்றாண்டு முன்னால் தன்னை நிறுத்தியது என்கிறார். அதோடு, எனக்கு இயற்கையான திறமை சராசரிக்கும் கீழேதான், நான் செய்ததை ஆரோக்கியமான எந்தப் பையனும் பெண்ணும் செய்யலாம் என்றும் சொல்கிறார். இரண்டாவது பாதியை நான் நம்பவில்லை. முதல் பாதிக்குக் காரணம் இருக்கிறது.

அவர்கள் நியூவிங்டன் கிரீனில் குடியிருந்த காலம். அப்பாவின் உடம்புக்கு நடை தேவை. காலை உணவுக்கு முன் பச்சைப் பசேலென்ற சந்துகள் வழியாக ஹார்ன்சி பக்கம் நடப்பார், பையனும் கூட. முந்தின நாள் படித்ததைத் துண்டுச் சீட்டுகளில் குறித்து வைத்திருப்பான். அதைப் பார்த்து, நடந்துகொண்டே கதையைச் சொல்வான். பெரும்பாலும் வரலாறு: ஹியூம், கிப்பன் இப்படி. அப்பா நடுநடுவே அரசாங்கம் என்றால் என்ன, நாகரிகம் என்றால் என்ன என்று விளக்குவார். பிறகு அதையே அவன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லணும்.

13 வயதில் பொருளாதாரம். ரிக்கார்டோவின் புத்தகம் வந்து இரண்டே வருடம், மாணவர்களுக்கென்று பாடநூல் எதுவும் இல்லை. அப்பா நடையின்போது தினம் ஒரு பகுதி சொல்வார். மறுநாள் பையன் அதை எழுதிக் கொண்டுவரணும். தெளிவாக இல்லையென்றால் திரும்ப எழுது, மறுபடியும் எழுது. அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் ஜேம்ஸ் மில் 1821-ல் பொருளாதாரத்தின் அடிப்படைகள் பற்றித் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஹோம்வொர்க் புத்தகமாக வருவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

இங்கே ஒரு விதி ஓடுகிறது. யோசித்தால் கண்டுபிடிக்கக்கூடிய எதையும், பையன் முட்டி மோதி ஓய்ந்த பிறகுதான் அப்பா சொல்வார். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற படிப்பு தன்னுடையது இல்லை என்று மில் அழுத்திச் சொல்வது இதனால்தான். 12 வயதில் லாஜிக். இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாக எடுக்கும் அந்த முறை எதற்குப் பயன்படும், நீயே சொல் என்று ஒரு நடையில் கேட்டார். சொல்ல வரவில்லை. அப்பா விளக்கினார், அப்போதும் பிடிபடவில்லை. ஆனால் அந்த விளக்கம் வீணாகவில்லை, பிற்பாடு நான் யோசித்ததெல்லாம் அதைச் சுற்றித்தான் உருத்திரண்டது என்கிறார். எந்த ரிப்போர்ட்டிலும் இதைப் போட முடியாது. அன்றைய தேதிக்கு மார்க் பூஜ்யம், பலன் பத்து வருடம் கழித்து.

அந்த முறையின் முரட்டுப் பக்கமும் உண்டு. ஒரு நாள் பையன், ஏதோ ஒன்று தியரியில் சரி, பிராக்டிஸில் அப்படியே வராது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டான். நாமெல்லாம் தினம் சொல்வதுதான். அப்பாவுக்குக் கோபம். தியரி என்றால் என்ன, விளக்கு பார்ப்போம். பையன் திணறினான். கடைசியில் அப்பாவே விளக்கினார். அவன் என்னவோ மாபெரும் அறியாமையைக் காட்டிவிட்ட மாதிரி அவர் நடந்துகொண்டார் என்று மில் நினைவுகூர்கிறார். அது நியாயம் இல்லைதான் என்கிறார். ஆனால் கூடவே, முடியாததை ஒருபோதும் கேட்கப்படாத மாணவன் முடிந்த அளவு முழுவதையும் ஒருபோதும் செய்ய மாட்டான் என்றும் எழுதுகிறார்.

சத்தம் போட்டுப் படிக்கும் பாடம் மட்டும் அவருக்குக் கடைசி வரை ஆறவில்லை. குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று அப்பா விதி விதியாகச் சொன்னார். பையன் விதியை மீறும்போதெல்லாம் கண்டித்தார். ஆனால் ஒரு தடவைகூட, இப்படிப் படிக்கணும் என்று தான் படித்துக் காட்டவில்லை.

மூணு மணி, சாப்பாடு இல்லை

இப்போ தங்கைகள் விஷயம். எட்டு வயதில் லத்தீன் கற்க ஆரம்பித்ததுமே, அதைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் ஜான் தலையில் விழுந்தது. பின்னால் மற்ற தம்பி தங்கைகளும் சேர்ந்தார்கள். அவர்கள் பாடம் சரியாக ஒப்பிக்காவிட்டால் பொறுப்பு அவனுடையது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒரு லாபம் இருந்தது, சொல்லிக்கொடுத்ததால் படித்தது ஆழமாகப் பதிந்தது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஆசிரியர்–மாணவர் என்கிற உறவு இரண்டு பக்கத்துக்கும் நல்ல பழக்கத்தைத் தரவில்லை என்கிறார்.

அது எப்படி இருந்தது என்று வெளியாள் ஒருவர் பார்த்திருக்கிறார். தென்மேற்கு இங்கிலாந்தில் ஃபோர்ட் ஆபி என்கிற பழைய மாளிகையை ஜெரமி பெந்தம் வாடகைக்கு எடுத்திருந்தார், மில் குடும்பம் வருடத்தில் பாதி அங்கே. 1817-ல் ஃபிரான்சிஸ் பிளேஸ் அங்கே வந்து தங்கினார். தையல் தொழிலிலிருந்து வந்து அரசியல் சீர்திருத்தத்தில் பேர் எடுத்தவர் இவர். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நாளை விவரிக்கிறார். வில்லியும் கிளாராவும் காலையில் பாடத்தைச் சரியாகச் சொல்லவில்லை. மணி மூன்று. ஒரு மணிக்கு மேலே போன சாப்பாடு அப்படியே கீழே வந்துவிட்டது. இருவரும் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சரியாகச் சொல்லாதவர்களை நீ எப்படித் தேற விட்டாய் என்று ஜானுக்கும் அதே தண்டனை. ஆறு மணி வரை மூன்று பேருக்கும் சாப்பாடு கிடையாது. பிழை எவ்வளவு? ஒரே ஒரு சொல்.

இதை எழுதிய பிளேஸ் ஜேம்ஸ் மில்லின் எதிரி இல்லை. அந்த உழைப்பைப் பார்த்து வியந்த நண்பர்.

1819 ரிப்போர்ட்டில் வில்லி, கிளாராவின் லத்தீன் ஏன் வருகிறது என்று இப்போ புரியுதா? அதுவும் அவன் மார்க்கில் சேர்த்தி.

பாடத்துக்கு வெளியே

எக்ஸ்ட்ரா கரிகுலர் என்று நாம் சொல்வது அந்த வீட்டில் கிட்டத்தட்ட இல்லை. லீவு விட்டால் உழைக்கும் பழக்கம் கெட்டுவிடும் என்று லீவே இல்லை. மற்ற பையன்களோடு சேர்ந்தால் மட்டமான பேச்சும் எண்ணமும் ஒட்டிக்கொள்ளும் என்று நண்பர்களும் இல்லை. பொம்மைகளும் சிறுவர் புத்தகங்களும் எப்போதாவது யாராவது பரிசாகக் கொடுத்தால் உண்டு. அதில் ராபின்சன் குரூசோ அவனுக்கு உயிர்.

சுயசரிதைக்கு மில் முதலில் எழுதிய வரைவு ஒன்று இருக்கிறது. அச்சில் வராமல் அவர் எடுத்துவிட்ட தாள்களில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. மற்ற பிள்ளைகளைவிட ரொம்பத் தாமதமாகத்தான் தானாக உடுத்தக் கற்றேன் என்கிறார். ஒரு முடிச்சுப் போட எத்தனை வருடம் ஆனது என்று தனக்கே தெரியவில்லையாம். ஆங்கிலத்தில் 'ஆர்' என்கிற எழுத்தின் ஒலி கிட்டத்தட்ட 16 வயது வரை வாயில் வரவில்லை. அதே தாள்களில், அன்பு இல்லாமலும் பயத்தோடும் வளர்ந்தேன் என்கிறார், மனம் நிறைய அன்பு காட்டும் அம்மா ஒருவர் இருந்திருந்தால் அப்பாவே வேறு மாதிரி ஆகியிருப்பார் என்றும் எழுதுகிறார். அச்சான புத்தகத்தில் அம்மா வருவதே இல்லை. ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒரு வரிகூட இல்லை! ஹோம்ஸ்கூலிங் பற்றி எழுதுபவர்கள் அப்பாவின் அட்டவணையை மட்டும் அலசிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்று மணிக்குக் கீழே வந்த அந்தச் சாப்பாட்டை ஆறு மணிக்கு யாராவது மறுபடி எடுத்து வைத்திருப்பார்கள் இல்லையா?

இன்னொன்று எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. 14 வயதில் அவனைப் பிரான்சுக்கு அனுப்புவதற்கு முன், ஹைட் பார்க்கில் நடக்கும்போது அப்பா சொன்னார்: உன் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாதது நிறைய உனக்குத் தெரியும், பலர் அதைச் சொல்லிப் புகழ்வார்கள், அது உன் பெருமை இல்லை, உனக்காக நேரமும் சிரமமும் எடுத்துக்கொண்ட ஒரு தகப்பன் கிடைத்தது உன் அதிர்ஷ்டம். பையனுக்கு அது செய்தி. தான் முன்னால் இருக்கிறோம் என்பதே அதுவரை அவனுக்குத் தெரியாது. அப்பா எதிர்பார்த்த அளவோடு ஒப்பிட்டுத் தன்னைப் பின்தங்கியவன் என்றுதான் நினைத்திருந்தான். தலைக்கனம் வரக் கூடாது என்று அப்பா போட்ட வேலி அது. தலைக்கனம் வரவில்லை, சரி. பதினான்கு வருடம் ஒரு பிள்ளை தன்னைக் குறைவாக நினைத்துக்கொண்டு வளர்ந்ததை யார் கணக்கில் எழுதுவது?

பிரான்சில் ஒரு வருடத்துக்கு மேல், சாமுவேல் பெந்தம் குடும்பத்தோடு இருந்தான். மான்ட்பெலியேயில் கெமிஸ்ட்ரி, ஸுவாலஜி வகுப்புகள் கேட்டான், தினம் என்ன செய்தேன் என்று அப்பாவுக்கு டைரி எழுதினான். உடற்பயிற்சி வகுப்புகளும் உண்டு. அவற்றில் எதிலும் தேறவில்லை என்று அவரே சொல்கிறார். பிரெனீஸ் மலைகள் மனதில் நின்றன. ஆனால் கூட வந்தது இன்னொன்று. அந்தக் குடும்பத்தின் மகன் ஜார்ஜ் பெந்தம், இருபது வயது இளைஞர், செடிகொடிகளில் பித்து. பிளஸ் ஒன் பாட்டனியில் பெந்தம்–ஹூக்கர் வகைப்பாடு படித்திருப்பீங்களே, அந்த பெந்தம். செடி பறித்து, உலர்த்தி, பெயர் கண்டுபிடிக்கும் பழக்கம் அவரிடமிருந்துதான் ஜானுக்கு ஒட்டியது. அப்பா போட்ட அட்டவணையில் பாட்டனி இல்லை.

1826

17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை, அப்பாவின் கீழேயே. இந்தியாவுக்குப் போகும் உத்தரவுக் கடிதங்களை வரைவு எழுதுவது. 1858 வரை 35 வருடம் அதைச் செய்தார், அவரும் இந்தியாவுக்கு வந்ததில்லை. மாலையில் எழுத்து, விவாதம், பெந்தமின் ஐந்து பாகக் கையெழுத்துப் பிரதியைச் செப்பனிடும் வேலை. வெளியே இருந்து பார்த்தால் ப்ராக்ரஸ் ரிப்போர்ட் முழுக்க ஏ பிளஸ்.

1826 இலையுதிர் காலத்தில், 20 வயதில், தன்னைத்தானே ஒன்று கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் நீ ஆசைப்படும் எல்லாச் சீர்திருத்தமும் இந்த நிமிடமே நடந்துவிட்டால் நீ சந்தோஷமாக இருப்பாயா? உள்ளே இருந்து வந்த பதில், இல்லை. அதோடு எல்லாம் சரிந்தது. மாதக்கணக்கில் வேலை இயந்திரம் மாதிரி நடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நாம் இன்று டிப்ரெஷன் என்று சொல்வது. சங்கீதம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஆனால் ஸ்வரங்கள் கொஞ்சம்தானே, சேர்க்கைகள் ஒரு நாள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் கவலைப்பட்டார். சிரிப்பு வரும், ஆனால் அந்த மனநிலையில் இருந்தவங்களுக்கு அது சிரிப்பில்லைன்னு தெரியும்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே? அப்பாவிடம் போகவே முடியாது என்று எழுதுகிறார். தன் படிப்பு முழுக்க அவர் வேலை. அது இப்படி முடியலாம் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். தோற்றுவிட்டது என்று சொல்லி அவருக்கு வலி தருவானேன். ஆசிரியரும் தேர்வாளரும் தகப்பனும் ஒரே ஆளாக இருக்கும் வீட்டில் பிள்ளைக்கு ஃபெயில் ஆக இடமே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

காரணத்தையும் அவர் தேடினார். எதையும் பிரித்துப் பிரித்து ஆராயும் பழக்கம் மட்டும் வளர்ந்து, அதன் கூடவே வளர வேண்டிய உணர்ச்சிகள் வளரவில்லை. அப்படியானால் அந்த ஆராய்ச்சி உணர்ச்சியை அரித்துவிடும் என்றார். முதல் விரிசல், மார்மான்டெல் என்கிற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போது வந்தது. அப்பா இறந்துபோகிறார், சிறுவனான மகன், இனி உங்களுக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று குடும்பத்திடம் உணர்கிற இடம். மில் அழுதார். அழ முடிகிறது என்று தெரிந்ததே விடுதலையாக இருந்தது. அழ வைத்தது ஒரு தகப்பனின் சாவு என்பதைப் பற்றி மனோதத்துவக்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் அதில் புகவில்லை. 1828-ல் வேர்ட்ஸ்வொர்த் கவிதைகள் கையில் வந்தன. கவிதையை ஒரு பயனுள்ள திறமையாகச் சொல்லிக்கொடுத்த வீட்டில் வளர்ந்தவர், 22 வயதில், யாரும் திருத்தப்போவதில்லை என்கிற நிலையில், அதைத் தனக்காகப் படித்தார்.

கேட்பவர்களில் பிள்ளையை வீட்டில் படிக்க வைப்பவர்கள் இருப்பீர்கள், அதை யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். உங்க ஃபைலில் "முடித்தது" என்கிற வரிசைக்குப் பக்கத்தில் "பிடித்ததா", "புரிந்ததா" என்று இரண்டு வரிசையைப் பிள்ளையே நிரப்பட்டும். உங்களுக்கே வராத பாடத்துக்கு வெளியாள் ஒருவரைப் பிடியுங்கள், கால்குலஸ் மறந்துபோன அப்பாவாக இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது, உங்க கொள்கை மேல் அக்கறை இல்லாத, பிள்ளை மேல் மட்டும் அக்கறை உள்ள ஒரு சித்தியோ மாமாவோ அவனிடம் தனியாகப் பேசட்டும். ஜானுக்கு அப்படி ஒருவர் பிரான்ஸ் போன பிறகுதான் கிடைத்தார்.

அந்தப் பாட்டனி பழக்கம் கடைசி வரை போனது. வேலை நாட்களில் ஆபீஸ், ஓய்வு நாட்களில் லண்டனைச் சுற்றியுள்ள கிராமப்புறங்களில் செடி தேடல். மனைவி ஹாரியட் அவினியோனில் இறந்த பிறகு, தெற்கு பிரான்சில் அந்த ஊரிலேயே வீடு வாங்கி வருடத்தில் பல மாதம் இருந்தார். 1873 மே மாதம், இறப்பதற்குச் சில நாள் முன்பு, பூச்சிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஃபாப்ர் என்கிற நண்பரோடு ஆரஞ்ச் ஊர்ப் பக்கம் 15 மைல் நடந்தார். 66 வயது. செடி பறிக்கத்தான்.